ஒரு ஃபைட்டருக்காக ஒரு சின்னக் குளம்

மீன் தொட்டி வைக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கடைக்குப் போகிறார்கள். தாம்பரம் பக்கம் குடியிருப்பவர்கள் முதலில் போக வேண்டிய இடம் வீட்டுக் குழாயடிதான் என்று நான் உறுதியாகச் சொல்வேன். சேலையூர், குரோம்பேட்டை, பெருங்களத்தூர், முடிச்சூர் என்று எந்தப் பக்கம் போனாலும் ஒரே தெருவில் நாலு விதமான தண்ணீர் ஓடுகிறது. ஒரு வீட்டில் போர், பக்கத்து வீட்டில் பழைய கிணறு, எதிர் அடுக்ககத்தில் லாரித் தண்ணீர், தெருக் குழாயில் விட்டு விட்டு வரும் பாலாற்றுத் தண்ணீர். செடியும் மீனும் வாழப்போவது இதில் ஏதோ ஒன்றில். எது என்று தெரியாமல் தொட்டியை வாங்கி என்ன பயன்?

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. தொட்டிக்கு முன்பே அதை வாங்கிவிடுங்கள். எங்கள் வீட்டு போர் தண்ணீரில் அது 900-ஐ ஒட்டிக் காட்டுகிறது. ஷவர் துளைகளில் வெள்ளையாகப் பூத்திருக்கும் உப்பைப் பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும், இருந்தாலும் எண்ணாகத் தெரிவது நல்லது. ஆர்.ஓ. தண்ணீர் 50 காட்டும். ஒரு பங்கு போர், இரண்டு பங்கு ஆர்.ஓ. என்று கலந்தால் 900-உம் இரண்டு 50-உம் சேர்ந்து 1000. அதை மூன்றால் வகுத்தால் 330-க்குப் பக்கம். ஃபைட்டர் மீனுக்கும் நாம் வைக்கப்போகும் செடிகளுக்கும் அது தாராளமாகப் போதும். வெறும் ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள். அதில் கால்சியம், மக்னீசியம் ஏறக்குறைய எதுவும் மிஞ்சியிருக்காது, செடியின் புது இலை சுருண்டுகொண்டு வரும். ஆர்.ஓ. கருவி வெளியே தள்ளும் கழிவுநீர் அதற்கு நேர் எதிர், உப்பெல்லாம் திரண்ட தண்ணீர். வீணாகிறதே என்று அதைத் தொட்டிக்குத் திருப்ப வேண்டாம்.

அடுக்ககங்களில் இருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. பல இடங்களில் மொத்தக் கட்டடத்துக்கும் சாஃப்ட்னர் போட்டிருக்கிறார்கள். அது கால்சியத்தை எடுத்துக்கொண்டு அந்த இடத்தில் சோடியத்தைக் கொடுக்கிறது. சோப்பு நன்றாக நுரைக்கும், ஆனால் டி.டி.எஸ். குறையாது. செடிக்கு வேண்டியது போய், வேண்டாதது வந்து சேரும். மாடித் தொட்டிக்குப் போவதற்கு முன்னால், சாஃப்ட்னர் வழியாகப் போகாத குழாய் ஒன்று கீழே எங்காவது இருக்கும். காவலாளி அண்ணனைக் கேட்டால் காட்டுவார். அதில் ஒரு பக்கெட் பிடித்துக்கொள்ளலாம்.

வடகிழக்குப் பருவமழை நமக்குக் கிடைக்கும் கொடை. முதல் இரண்டு மழையைக் கூரை கழுவ விட்டுவிட்டு, அதற்குப் பிறகு பெய்வதை மொட்டைமாடியில் சுத்தமான டிரம்மில் பிடித்து இறுக மூடி வைத்தால், ஆர்.ஓ. தண்ணீருக்குப் பதில் அதையே கலக்கலாம். மூடாத டிரம்மில் டெங்கு கொசு வளரும் என்பதால் மூடி விஷயத்தில் சமரசம் வேண்டாம். குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை அடித்தால் ஒரு நாள் திறந்த பக்கெட்டில் வைத்திருந்து பயன்படுத்துங்கள். அவசரமென்றால் கடையில் ‘ஆன்டி குளோரின்’ கேட்டால் தருவார்கள்.

இனி மீனைப் பற்றி. தனியாக ஒரே ஒரு மீன், சின்னத் தொட்டி என்றால் நம் ஊரில் ஃபைட்டரை மிஞ்ச ஆள் இல்லை. அதன் சொந்த ஊர் தாய்லாந்தின் சமவெளி, நெல் வயலும் சதுப்பும் ஆழமில்லாத வாய்க்காலும் நிறைந்த பூமி. 2019-இல் அந்த நாடு ஃபைட்டரைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. செவுளோடு கூட, தலைக்குள் மடிப்பு மடிப்பாக ஓர் உறுப்பு அதற்கு உண்டு. மேலே வந்து காற்றை ஒரு வாய் விழுங்கி, அதிலிருந்தே ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். அதனால் குமிழி விடும் மோட்டார் கட்டாயமில்லை. தண்ணீருக்கு மேலே காற்று இருக்க வேண்டும் என்பதுதான் கட்டாயம். மேற்பரப்பை எட்ட முடியாமல் போனால் இந்த மீன் தண்ணீருக்குள்ளேயே மூச்சுத் திணறிச் சாகும்.

இப்படிக் காற்றை விழுங்கும் மீன்கள் நம் மண்ணுக்குப் புதியவை அல்ல. தரங்கம்பாடியில் இருந்த டால்டார்ஃப் என்ற டேனிஷ் படை அதிகாரி, 1791-இல் பனைமரத்தில் ஏறிக்கொண்டிருந்த மீன் ஒன்றைப் பிடித்ததாக எழுதியது 1797-இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் வெளியீட்டில் வந்தது. அதுதான் நம் பனையேறிக் கெண்டை. மரம் ஏறுமா என்பதில் அன்றிலிருந்து வாதம் நடக்கிறது. ஈரத்தில் தரையேறி ஊர்வதைக் கிராமத்தில் வளர்ந்தவர்கள் கண்ணால் பார்த்திருப்பார்கள். ஃபைட்டருக்கு இன்னும் நெருங்கிய ஒரு சின்ன மீனும் நம்மிடம் இருக்கிறது. 1831-இல் அதை விவரித்த பிரெஞ்சு இயற்கையியலாளர் கூவியே, புதுச்சேரி அரியாங்குப்பம் ஆற்றின் பெயராலேயே அதற்கு ‘கியூபானஸ்’ என்று பெயர் சூட்டினார். விரலளவு, பழுப்பு நிறம், அமைதியான சுபாவம். வண்ணக் கடைகள் அதைச் சீண்டுவதில்லை. எனக்கோ, செங்கல்பட்டுப் பக்கத்து வயல் வாய்க்காலை ஃபைட்டரின் தாய்லாந்து வயலோடு இணைக்கும் சாட்சி அந்த மீன்தான். இவை எல்லாமே செடி அடர்ந்த, மெதுவாக ஓடும், வெதுவெதுப்பான தண்ணீரின் பிள்ளைகள். தொட்டியில் நாம் உருவாக்க வேண்டியதும் அதையே.

‘ஃபைட்டருக்கு ஒரு பாட்டில் போதும் சார்’ என்று கடைகளில் சொல்வார்கள். கடையில் சின்ன டப்பாவில் தனித்தனியாக வைத்திருப்பது, ஒன்றோடொன்று சண்டை போட்டு மடியாமல் விற்கும் வரை காப்பாற்றுவதற்கு. அது குடியிருக்கும் அளவு அல்ல. ஒரு லிட்டர் தண்ணீர் மே மாதப் பகலில் மளமளவென்று சூடேறி இரவில் ஆறும், ஒரு குருணை தீவனம் அழுகினால் கெட்டுப்போகும். ஒன்றரை அடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டி 40 லிட்டர் பிடிக்கும். மண், மணல், மேலே விடும் இடைவெளி எல்லாம் போக 30 லிட்டர் தேறும். ஒரு மீனுக்கு இது ஆடம்பரம் என்று சொல்கிறவர்களிடம் நான் ஒத்துப்போவதில்லை. இடம் இல்லாவிட்டால் ஓரடிக் கனசதுரத் தொட்டி, அதற்குக் கீழே வேண்டாம். நிரம்பிய ஒன்றரை அடித் தொட்டி ஐம்பது கிலோவைத் தாண்டும் என்பதால் டீப்பாய் மேல் வைக்காதீர்கள். நம் வீடுகளில் இருக்கும் கடப்பாக்கல் மேடை அருமையான இடம். அடியில் தெர்மாகோல் ஷீட் ஒன்று விரித்து, ஜன்னல் வெயில் நேராகப் படாத பக்கமாகப் பார்த்து வையுங்கள்.

அடிமண்ணுக்கு விலை உயர்ந்த பாக்கெட் மண் வாங்க வேண்டியதில்லை. டயானா வால்ஸ்டாட் என்ற அமெரிக்கப் பெண்மணி 1999-இல் எழுதிய புத்தகத்துக்குப் பிறகு, சாதாரணத் தோட்டத்து மண்ணை அடியில் போட்டு மேலே மணல் மூடும் முறை உலகம் முழுக்கப் பரவியது. நம் மொட்டைமாடித் தொட்டிகளில் ஒரு பருவம் கத்தரியோ தக்காளியோ விளைந்து முடிந்த பழைய மண் இதற்குப் பொருத்தம். உரத்தின் வேகம் அடங்கியிருக்கும். சலித்து, பக்கெட்டில் ஊறவைத்து, மிதக்கும் குச்சியையும் சருகையும் வடித்துவிட்டு, ஒரு கைப்பிடி செம்மண் கலந்து ஓர் அங்குலம் பரப்புங்கள். செம்மண்ணில் இரும்பு இருக்கிறது. புது மண்புழு உரமும் தொழு உரமும் கூடாது, தண்ணீரில் அம்மோனியாவைக் கொட்டிவிடும். அதற்கு மேல் ஓர் அங்குலம் மணல். இப்போது ஆற்று மணல் எங்கே கிடைக்கிறது, எம்-சாண்ட்தான். மாவு போகும்வரை கழுவ வேண்டும், கை வலிக்கும், ஆனால் விடக்கூடாது. எந்த மணலையும் கல்லையும் போடும் முன்னால் எலுமிச்சைச் சாறு சில சொட்டு விட்டுப் பாருங்கள். பொங்கினால் சுண்ணாம்பு இருக்கிறது, ஏற்கெனவே கடினமான நம் தண்ணீரை அது இன்னும் கடினமாக்கும். கோவளத்து மணலும் சிப்பியும் இதனாலேயே கூடாது.

செடிகளில் நம் தண்ணீருக்கென்றே பிறந்தவை சில உண்டு. பள்ளி அறிவியல் சோதனையில் புனலுக்குள் வைத்துக் குமிழி எண்ணினோமே, அந்த ஹைட்ரில்லா முதல் ஆள். அதுவும் நாடா போல நீண்டு வளரும் வாலிஸ்நேரியாவும் கடின நீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட்டிலிருந்தே தமக்கு வேண்டிய கார்பனை எடுத்துக்கொள்ளும். மற்ற செடிகளுக்காகக் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வாங்குகிறார்கள். இவற்றுக்குத் தாம்பரத்து போர் தண்ணீரே அதைக் கொடுத்துவிடுகிறது. நீர்ப்பிரம்மி நம் குளக்கரைச் செடி, சித்த மருந்துக் கடையிலும் நர்சரியிலும் அதைத் தெரியும். தண்டைக் கிள்ளி மணலில் செருகினால் மெதுவாக, நேராக எழும். இலங்கைக்கே உரிய கிரிப்டோகோரைன் வென்டியை என்பது எல்லா மீன் கடையிலும் கிடைக்கும் பழுப்புப் பச்சைச் செடி. நட்ட இரண்டு வாரத்தில் அதன் இலைகள் கூழாகக் கரையலாம். செத்துவிட்டது என்று பிடுங்கி எறிகிறவர்கள் அதிகம். வேரை விட்டு வையுங்கள், புது தண்ணீருக்குப் பழகி அங்கிருந்தே துளிர்க்கும், பிறகு வருடக்கணக்கில் நிற்கும். அனூபியாஸை மட்டும் மண்ணில் புதைக்காமல் கல்லிலோ கட்டையிலோ நூலால் கட்டுங்கள். கிழங்கு புதைந்தால் அழுகிவிடும்.

செடி வைப்பதில் கஞ்சத்தனம் கூடாது என்பது இத்தனை நாள் தொட்டி பார்த்ததில் எனக்கு ஏற்பட்ட நம்பிக்கை. முதல் நாளே அடி மணல் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நடுங்கள். செடி தின்னாத சத்தைப் பாசி தின்னும். மேலே ஒரு பிடி மிதக்கும் செடி விட்டால் வெளிச்சமும் மட்டுப்படும், ஃபைட்டருக்குக் குமிழிக் கூடு கட்ட இடமும் கிடைக்கும். பாதிப் பரப்பை மூடியதும் அள்ளிவிட வேண்டும். விளக்கு சாதாரண வெள்ளை எல்.இ.டி. போதும், ஆறேழு மணி நேரம், டைமரில். நான் மாலை நாலு மணிக்கு மேல்தான் எரிய விடுகிறேன். பகல் சூட்டோடு விளக்குச் சூடு சேராது, வேலை முடிந்து வரும்போது பார்க்கவும் கிடைக்கும்.

இனிக் காத்திருப்பு. செடி நட்டு, தண்ணீர் ஊற்றி, மூன்றிலிருந்து ஆறு வாரம் தொட்டி மீன் இல்லாமல் இருக்கட்டும். மீனின் கழிவு அம்மோனியாவாகும். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும், அதைச் செடி தின்னும். இந்த பாக்டீரியா மணலிலும் ஸ்பாஞ்ச் ஃபில்டரிலும் குடியேறுவதற்குத்தான் இத்தனை நாள். நம் போர் தண்ணீரின் பி.எச். எட்டை ஒட்டி இருப்பதால் இது இன்னும் முக்கியம். பி.எச். ஏற ஏற அதே அளவு அம்மோனியா மீனுக்கு அதிக விஷமாகும். பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பர் இருந்தால் அவருடைய ஃபில்டர் ஸ்பாஞ்சின் அழுக்கைப் பிழிந்து வாங்கி ஊற்றுங்கள். அதைவிட நல்ல மருந்து எந்தக் கடையிலும் இல்லை. செடியில் புது இலை வருவதும், செடியோடு வந்த நத்தைகள் சுறுசுறுப்பாகத் திரிவதும் நல்ல அறிகுறி. கடையில் விற்கும் நத்தையல்ல, தானாக வந்த குட்டி நத்தை. அதை விரட்ட வேண்டாம், அழுகிய இலையைத் தின்றுவிடும். டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியம் காட்டிய பிறகே மீன்.

மீனுக்குக் கொளத்தூர் போவது தனி மகிழ்ச்சி. மூர் மார்க்கெட் இருந்த காலத்தில் பறவையும் மீனும் வாங்க அங்கே போனதைப் பெரியவர்கள் சொல்வார்கள். 1985-இல் அது எரிந்துபோனது. இன்றைக்குத் தமிழ்நாட்டு வண்ண மீன் வியாபாரத்துக்குக் கொளத்தூர்தான் தலைநகரம். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி பார்க்கில் இறங்கி, எதிரே சென்ட்ரல் புறநகர் நிலையத்தில் வண்டி மாறினால் வில்லிவாக்கம். அங்கிருந்து ஆட்டோ. காலையில் போய் வெயில் ஏறும் முன் திரும்பிவிடுங்கள். வரிசை வரிசையாக டப்பாக்கள் இருக்கும். நிறத்தைப் பார்க்கும் முன் நடத்தையைப் பாருங்கள். விரலைக் காட்டினால் திரும்ப வேண்டும், துடுப்பை விரிக்க வேண்டும். டப்பாவில் குமிழி கட்டியிருந்தால் ஆரோக்கியம்.

‘அண்ணே, ரெண்டு குருணை தீனி போட்டுக் காட்டுறீங்களா?’ என்று கேளுங்கள். நல்ல கடைக்காரர் தயங்காமல் போடுவார். தின்னாத மீனை வாங்காதீர்கள். நீண்ட துடுப்புள்ள ஹாஃப்மூன் கண்ணைப் பறிக்கும், ஆனால் அந்தத் துடுப்பைச் சுமந்தே அது களைக்கும், முனை கிழியும், அழுகும். நான் சிபாரிசு செய்வது குட்டைத் துடுப்புள்ள பிளாகட். துள்ளலும் ஆயுசும் அதற்கு அதிகம் என்பது நான் பார்த்தது. துணைக்கு இன்னொன்று வாங்கலாமா என்று வீட்டுக் குழந்தைகள் கேட்பார்கள். ஆண் ஃபைட்டர் தன் எல்லையைத் தனியாகக் காக்கும் மீன், துணை இல்லாததால் வாடாது. ‘டேங்க் கிளீனர்’ என்று கறுப்பாக ஒன்றை நீட்டுவார்கள், வேண்டாம். அந்த சக்கர் மீன் ஓரடிக்கு மேல் வளரும். ஏரியில் கொண்டு விட்டவர்களால் அது நம் நீர்நிலைகளில் பெருகி மீனவர் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் பையிலிருக்கும் தண்ணீரின் டி.டி.எஸ். பாருங்கள். உங்கள் தொட்டியோடு பெரிய வித்தியாசம் இருந்தால் ஒரு மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீரைப் பையில் சேர்த்து, பிறகு மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள். கடைத் தண்ணீர் தொட்டிக்குள் போக வேண்டாம்.

சென்னையில் ஹீட்டர் ஏறக்குறைய தேவையில்லை. மார்கழி இரவில் தண்ணீர் 23 டிகிரிக்கு வரும் ஓரிரு வாரம் மீன் கொஞ்சம் மந்தமாகும், அவ்வளவுதான். சோதனை சித்திரையில்தான். மேல்மாடி வீட்டில் தண்ணீர் 33, 34 டிகிரியைத் தொடும். ஃபைட்டருக்கு இதமானது 25 முதல் 28 வரை. ஐஸ் கட்டி போடாதீர்கள், திடீர்க் குளிர்ச்சி சூட்டைவிடக் கொடியது. ஒரு சின்ன மேசை விசிறியைத் தண்ணீர்ப் பரப்பின் மேல் சாய்வாக ஓட விட்டால், நீர் ஆவியாகி இரண்டு டிகிரி வரை இறங்கும். பானைத் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தான். காற்றில் ஈரம் மிகுந்த நாளில் குறைவாகவே இறங்கும். கண்ணாடி மூடியை எடுத்துவிட்டுச் சட்டத்தில் கொசுவலை அடித்துப் போடுங்கள், ஏனென்றால் ஃபைட்டர் துள்ளிக் குதிக்கும். ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே தங்கும். அதனால் குறைந்த மட்டத்தை ஈடுகட்ட போர் தண்ணீர் ஊற்றினால் வாரத்துக்கு வாரம் கடினம் கூடும். ஈடுகட்டுவதற்கு மட்டும் சுத்தமான ஆர்.ஓ. அல்லது மழைத் தண்ணீர். வெயில் காலத்தில் பலருடைய தொட்டி காரணம் தெரியாமல் கெடுவது இந்த இடத்தில்தான்.

கொசு மருந்தைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் இரவானால் செருகும் திரவ மருந்திலும் கரப்பானுக்கு அடிக்கும் ஸ்ப்ரேயிலும் இருப்பது பைரித்ராய்டு வகை விஷம். மனிதருக்குப் பெரிய ஆபத்தில்லாத அளவே மீனுக்கு எமன். மீன் இருக்கும் அறையில் ஸ்ப்ரே அடிக்கவே கூடாது. அந்த அறைக்கு ஜன்னல் வலை போட்டுவிடுவதே நல்லது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமெல்லாம் வெள்ளம். எங்கள் பகுதியிலும் மின்சாரம் நாள் கணக்கில் இல்லை. செடி நிறைந்த தொட்டியின் பலம் அப்போது தெரிந்தது. விளக்கில்லை, ஃபில்டர் இல்லை, ஜன்னல் வெளிச்சத்தில் செடிகள் தாக்குப்பிடித்தன, மீன் மேலே வந்து மூச்சு வாங்கிக்கொண்டு திரிந்தது. அப்படிப்பட்ட நாட்களில் தீனி போடாமல் இருப்பதே உதவி. மின்சாரம் திரும்பியதும் ஸ்பாஞ்ச் ஃபில்டரை அப்படியே ஓடவிடாமல், எடுத்துத் தொட்டித் தண்ணீரில் அலசிவிட்டுப் போடுங்கள். அப்போதுதான் உள்ளே மடிந்த பாக்டீரியாவின் கழிவு தொட்டிக்குள் கொட்டாது.

நாட்டு வாதுமை, நாம் பாதாம் மரம் என்கிறோமே, அது தாம்பரத்தில் தெருவுக்குத் தெரு நிற்கிறது. மீன் கடைகளில் அதன் காய்ந்த இலையைப் பாக்கெட்டில் போட்டு விற்கிறார்கள். ஜி.எஸ்.டி. சாலைப் புழுதி படாத உள்தெருவில், தானாகச் சிவந்து உதிர்ந்த இலையைப் பொறுக்கி, கழுவிக் காயவைத்து ஒன்றைத் தொட்டியில் போட்டால் தண்ணீர் மெல்லிய தேநீர் நிறமாகும். அதன் டானின் ஃபைட்டருக்கு இதம். நோய் என்றவுடன் நீல மருந்தும் கல்லுப்பும் தொட்டியில் கொட்டுவதற்கு முன், முதலில் இதையும் ஒரு வாளி புதுத் தண்ணீரையும் முயலுங்கள். மருந்து கொடுத்தே ஆக வேண்டுமென்றால் மீனைத் தனிப் பாத்திரத்துக்கு மாற்றிக் கொடுங்கள், செடியும் பாக்டீரியாவும் அதைத் தாங்காது.

வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீரை எடுத்துவிட்டு முன்பு சொன்ன விகிதத்தில் கலந்து ஊற்றுங்கள். எடுத்த தண்ணீர் ரோஜாத் தொட்டிக்கு. கத்தரித்த செடியையும் வெயிலில் காயவைத்து மண்ணோடு சேர்த்துவிடுங்கள், சேலையூர் ஏரியிலோ பீர்க்கன்கரணை ஏரியிலோ எறியாதீர்கள். ஆகாயத்தாமரையே அங்கே போதுமான அளவு இருக்கிறது. தீனி காலையும் மாலையும் மூன்று நான்கு குருணை, வாரத்தில் ஒரு நாள் பட்டினி. சாக்கடையிலிருந்து அள்ளி விற்கும் புழு வேண்டாம்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறீர்களா? வளர்ந்த ஃபைட்டர் நாலைந்து நாள் தீனி இல்லாமல் நன்றாகவே இருக்கும். கிளம்பும் முன்தினம் தண்ணீர் மாற்றி, விளக்கு டைமரைச் சரிபார்த்து, பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவி கொடுத்தால், ‘அக்கா, மீனுக்கு ஒண்ணும் போட வேணாம், தண்ணி மட்டம் மட்டும் பாத்துக்கோங்க’ என்று சொல்லிவிட்டுப் போங்கள். தீனி டப்பாவை அலமாரிக்குள் எடுத்து வைத்துவிடுங்கள். அன்பு மிகுதியில் கை நீளும்.